வீட்டு வண்டியும் மலைப்பாதையும்



பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நமக்கு, விடுமுறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சொந்த ஊர்தான். அதற்கு அடுத்தபடியாக, ஊரில் தனியே இருக்கும் பெரியவர்களை எங்கேனும் நான்கு நாள் அழைத்துச் சென்று வரவேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. ஆனால் அந்த எண்ணத்துக்குத் தடைகள் பல. தாயாருக்கு முழங்கால் வலி. தந்தையாருக்கு நேரத்துக்கு உணவு வேண்டும். இருவருக்கும் மணிக்கொருமுறை இறங்கி ஏற இயலாது. இந்த நிலையில் படுக்கை, சிறு அடுப்பு, கழிப்பறை ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்ட சிறிய மோட்டார் வண்டி ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் நம் மனம் அதை நாடுவது இயல்பே. திருநெல்வேலி அல்லது நாகர்கோவில் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து இத்தகைய வண்டியில் திருவனந்தபுரம், பொன்முடி என்று சுற்றிவரத் திட்டமிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களை எண்ணியே இன்றைய பேச்சு அமைந்துள்ளது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. காரவான் என்பது பாரசீகச் சொல். பாலைநிலத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்லும் வணிகர் குழு என்பது அதன் பொருள். தமிழில் அதற்குச் சாத்து என்ற பழஞ்சொல் உண்டு. ஐரோப்பா சென்ற பிறகே அச்சொல் கூட்டத்தைக் குறிப்பது குறைந்து, சக்கரத்தின் மேல் அமைந்த வீட்டைக் குறிக்கத் தொடங்கியது. இன்று நம் அரசாங்கத் தாள்களில் இது மோட்டார் காரவான். திரைப்படத் துறையினர் நாவில் கேரவன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இந்தப் பேச்சில் இதனை வீட்டு வண்டி என்றே வழங்குவோம். அரசாங்க விதிகளின்படி இருக்கையும் மேசையும், உறங்கும் இடம், சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை இருந்தால்தான் ஒரு வண்டி இப்பெயருக்கு உரியதாகும்.

2021 செப்டம்பரில் கேரள அரசு இத்தகைய வண்டிகளை ஊக்குவிக்கும் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்து வாகமணில் இவ்வண்டிகள் தங்குவதற்கான முதல் பூங்கா திறக்கப்பட்டது. ஆகவே மலைப்பாதையும் வீட்டு வண்டியும் சந்திக்கும் காலம் வந்துவிட்டது. வண்டிக்குள் என்னென்ன வசதிகள் உண்டு என்பதை விளம்பரங்கள் விரிவாகச் சொல்லும். அது சாலையில் எவ்வாறு ஓடும், உள்ளே அமர்ந்தவர் உடல் என்ன பாடுபடும், கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவர் கைக்கு அது எவ்வளவு அடங்கும் என்பனவற்றை அவை சொல்வதில்லை. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இந்தியாவில் ஓடும் சிறிய வீட்டு வண்டிகளில் பல, டெம்போ டிராவலர் என்று நாம் அழைக்கும் வேனை மாற்றி அமைத்தவை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 3,050 மில்லிமீட்டர் முதல் 4,020 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் அந்த வேன் வெளிவந்திருக்கிறது. ஆட்களை ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட அந்த உடலுக்குள், கட்டிலும் அலமாரியும் நீர்த்தொட்டியும் பின்னர் புகுந்தன. இதனை மறவாதிருத்தல் வேண்டும். பெயர் வீடு என்றாலும் பிறப்பு வேன்தான்.

இவ்வகை வண்டிகளின் அச்சுக்கு மேலே பெரும்பாலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில் இருக்கும். நம் முன்னோர் வில்வண்டி என்று சொன்னார்களே, அந்த வில்லும் இந்த வில்லும் ஒன்றே. கட்டைவண்டியில் சென்றவர் இடுப்பொடிந்து இறங்க, வில்வண்டியில் சென்றவர் வேட்டி கசங்காமல் இறங்கினார். அதனால்தான் வில்வண்டி செல்வாக்கின் அடையாளமாயிற்று. திருவனந்தபுரம் பகுதியில் அச்சொல்லுக்குத் தனி வரலாறும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுச் சாலையில் நடக்கவும் தடை இருந்த காலத்தில், 1893 ஆம் ஆண்டு, வெங்ஙானூர் அய்யங்காளி வில்வண்டியில் ஏறி அச்சாலையிலேயே பயணம் செய்தார். சாலை எல்லோருக்கும் பொது என்பதை அந்த வண்டி அறிவித்தது.

வில்லின் இயல்பு ஒன்று உண்டு. முழுப் பாரத்தைத் தாங்குவதற்காக அமைத்த வில், பாரம் குறைந்தால் விறைத்து நிற்கும்; பள்ளத்தில் விழுந்த சக்கரம் வண்டியையே தூக்கி எறியும். ஆளில்லாத பேருந்து கடகடவென்று குதித்து ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டு வண்டிக்கு இவ்வகையில் ஒரு நன்மை உண்டு. கட்டிலும் அலமாரியும் என்றும் இறங்காத பாரமாதலால், வில் எப்போதும் ஓரளவு படிந்திருக்கும். காலி வேனைவிட வண்டி நிதானமாகச் செல்லும். ஆனால் அதே காரணத்தால் வில்லுக்கு ஓய்வே இல்லை. ஆண்டுகள் சிலவற்றில் அது தளர்ந்து, வண்டியின் பின்புறம் தாழும். வாடகைக்கு எடுக்குமுன் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பின்புறம் தாழ்ந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால் அந்த வண்டி மலைக்கு உகந்ததன்று.

வண்டியின் ஆட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பவருக்கு அது குறைவு. பின்னச்சுக்கு அப்பால் இருப்பவரையோ, பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்தவரைப் போல, அது தூக்கித் தூக்கிப் போடும். வீட்டு வண்டிகள் பலவற்றில் கட்டில் அமைந்திருப்பது அந்தப் பின்பகுதியிலேதான். ஆகவே அது வண்டி நிற்கும்போது படுப்பதற்கு உரிய கட்டிலேயன்றி, ஓடும்போது படுப்பதற்கு உரியதன்று. ஓடும் வண்டியில் அனைவரும் இருக்கையில் அமர்ந்து வார் பூட்டியிருக்க வேண்டும். தலைசுற்றலும் குமட்டலும் உடையவர்கள் முன்பக்கம் அமர்ந்து, வரும் சாலையைப் பார்த்தபடி இருந்தால் பெரும்பாலும் தொல்லை குறையும்.

இனிப் பாரத்தைப் பற்றிப் பார்ப்போம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்கள் உயிர் போன்றவை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை விட்டே விலகும். மோட்டார் வண்டியிலும் இதுவே நியதி. அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின்னச்சுக்கு 1 மீட்டர் அப்பால் 100 கிலோ பாரம் வைத்தால், பின்னச்சின் மீது 125 கிலோ ஏறும். முன்னச்சில் 25 கிலோ குறையும். திசை திருப்பும் சக்கரங்கள் முன்னே இருக்கின்றன. அவை இலேசாகிவிட்டால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. ஏற்றத்தில் பாரம் தானாகவே பின்னோக்கிச் சாயும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். குடும்பம் முழுவதின் பெட்டிகளையும் பின் கதவருகே அடுக்கிவிட்டு மலையேறுவது எவ்வளவு தவறு என்பது அப்போது விளங்கும்.

நீர்த்தொட்டியைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ; 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் நல்ல உடற்கட்டுள்ள ஓர் ஆளைவிடக் கூடிய பாரம். நிரம்பிய தொட்டியில் நீர் அசையாது. காலித் தொட்டியால் தீங்கு இல்லை. பாதி நிரம்பிய தொட்டிதான் பொல்லாதது. வளைவில் வண்டி வலப்புறம் திரும்பினால் நீர் இடப்புறம் ஓடும். மறு வளைவில் எதிர்ப்புறம் ஓடும். பிரேக் பிடித்தால் முன்னே பாயும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியில் இவ்வாட்டம் குறைவு. மின்கலம், எரிவாயு உருளை, அரிசி மூட்டை, இரும்புக் கல் ஆகிய கனமான பொருள்கள் தரையோடு தரையாக, அச்சுகளுக்கு நடுவே, இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். மேல் அலமாரியில் துணியும் தலையணையும் வைத்தால் போதும். கூரைமேல் குளிர்சாதனப் பொறியும் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் கனம் மேலே செல்லும். கனம் மேலே சென்ற வண்டி வளைவில் சாயும்.

இந்தப் பாடங்கள் அனைத்தையும் ஒரே காலையில் சோதித்துப் பார்க்கும் இடம் பொன்முடி. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். கல்லாறு வரை ரப்பர் தோட்டங்களும் சிற்றூர்களும் உடன்வரும். அதன்பின் காடு சூழ்ந்த பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. இடையே தேயிலைத் தோட்டங்கள். உச்சியில் புல்வெளியும் மூடுபனியும் காற்றும். பொன் என்பதும் முடி என்பதும் நமக்குப் பொருள் சொல்ல வேண்டாத சொற்கள். வெளிமாநிலத்தில் நெடுநாள் வாழ்ந்தவர் செவிக்கு அப்பெயரே ஓர் இனிமை.

வளைவில் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசைக்கு ஒரு கணக்கு உண்டு. 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், அந்த விசை வண்டியின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. அதே வளைவில் 30 கிலோமீட்டர் வேகம் என்றால் விசை எடையில் பாதிக்கும் மேல். வேகம் ஒன்றரை மடங்கு. தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்கு. தாழ்ந்த மோட்டார் கார் இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். உயர்ந்த உடலும் மேலேறிய பாரமும் உள்ள வீட்டு வண்டி பொறுக்காது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் சீராகச் செல்ல வேண்டும். உள்ளே புகுந்தபின் திடுமெனப் பிரேக் பிடிப்பது சாய்வை மிகுதியாக்கும்.

மற்றும் ஒன்று. நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உட்புறம் ஒதுங்கி வரும். இடக்கை வளைவில் அது சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிடக் கூடும். அதே வேளையில் பின்னச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால் பகுதி எதிர்ப்புறம் வீசும். எதிரே பேருந்து வருகின்ற தருணத்தில் இந்த இரண்டையும் நினைவில் வைத்துத் திருப்புவது பழகிய கைக்கே இயலும். குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. ஏற்றத்தில் நின்ற கனவண்டி மீண்டும் புறப்படுவது கடினம் என்பதே அதன் காரணம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் நாங்கள் ஐவர் இத்தகைய வண்டி ஒன்றில் பொன்முடி சென்றோம். எம் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. நெடுமங்காடு தாண்டும் வரை பின்கட்டிலில் சாய்ந்தபடி அமர்ந்து வந்தவர், வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கியதும், "தம்பி, இது கட்டில் இல்லை, முறம். என்னைப் புடைக்கிறது. உன் பின்னாலேயே ஓர் இடம் கொடு" என்றார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டி, தம் இருக்கைக்குப் பின்னால் அவரை அமர்த்தி வார் பூட்டினார். பிறகு மலையடிவாரத்தில் நிறுத்தி, அரைத் தொட்டியாக இருந்த நீரைக் குடத்தளவு வைத்துக்கொண்டு வடித்துவிட்டார். பின்புறமிருந்த இரண்டு பெட்டிகளை நடுவே கொணர்ந்து கயிற்றால் கட்டினார். எரிவாயு உருளையின் வால்வை மூடினார். தட்டும் தம்ளரும் துணியில் சுற்றப்பட்டன. இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆயிற்று. அதன்பின் 22 வளைவுகளிலும் வண்டி ஒரே நிதானத்தில் ஏறியது. தாயார் ஒவ்வோர் எண் பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். அடிவாரத்துக்கு முன்பும் பின்பும் வண்டி ஒன்றே. அதன் நடத்தைதான் வேறாயிற்று. அதற்குக் காரணம் அந்தப் பத்து நிமிடமே.

ஏறுவதைவிட இறங்குவதே பெரிய சோதனை. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். மூன்றரை டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 100 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது பிரேக்கின் தலையிலோ என்ஜினின் தலையிலோதான் விழ வேண்டும். பிரேக்கையே ஓயாமல் மிதித்துக்கொண்டு இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. நெடுநாள் மாற்றாத எண்ணெயில் நீர் கலந்திருக்குமாதலால், சூட்டில் அது கொதித்துக் குமிழியிடும். அப்போது மிதித்த கட்டை எதிர்ப்பின்றித் தரைக்குப் போய்விடும்.

இதற்கு மலையோட்டுநர்கள் சொல்லும் மருந்து எளியது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. தாழ்ந்த கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் போதும். எண்ணெய் மிச்சம் என்று கியரை விடுத்து உருளவிடுவதும், என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். என்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை நின்றுபோகும். நாங்கள் இறங்கிய அன்று கல்லாற்றுக்கு அருகில் ஒரு வண்டி சக்கரத்தில் புகை எழ ஓரமாக நின்றது. அதிலிருந்த குழந்தைகள் கல்லில் அமர்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்கள். வண்டி தானாக நிற்குமுன் அதை நிறுத்தத் தெரிந்த அந்த ஓட்டுநரை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இக்குறைகள் நம் நாட்டு வண்டிகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் 1951 ஆம் ஆண்டு முதல் வோக்ஸ்வாகன் வேனுக்குள் வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் கட்டிலும் அலமாரியும் அமைத்தனர். உலகப் புகழ்பெற்ற அச்சிறு வீட்டு வண்டியின் என்ஜின் பின்னே இருந்தது. தொடக்கத்தில் அதன் வலிமை 25 குதிரைத் திறன் அளவே. ஏற்றத்தில் ஊர்ந்து சென்றது. தட்டையான நெடிய பக்கத்தில் காற்று மோதினால் அலைந்தது. ஆயினும் அதன் இயல்பை அறிந்து ஓட்டியவர்கள் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இந்தியா வரை வந்தார்கள். இன்று ஐரோப்பாவில் பெரிதும் வழங்கும் ஃபியட் டுக்காட்டோ வேனில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. அதனால் தரை தாழ்ந்து, வண்டி சாயாமல் ஓடுகிறது. ஆனால் நனைந்த ஏற்றத்தில், பாரம் பின்னே சாயும்போது, முன்சக்கரம் வழுக்கக் கூடும். பின்சக்கரம் உந்தும் நம் வேன் அந்த ஏற்றத்தில் நன்றாகப் பற்றி ஏறும். தரை உயரமாதலால் வளைவில் சாயும். குறையே இல்லாத வண்டி எங்கும் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பதிவான வண்டியின் அமைப்பை நினைத்தபடி மாற்றுவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. மோட்டார் காரவானுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்னும் தர நெறியும் உண்டு. ஆகவே வாடகைக்கு எடுக்கும் வண்டியின் பதிவுச் சான்றில் அது எவ்வகை வண்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகு ரக வாகன உரிமம் பெற்றவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. உரிமம் வேறு, பழக்கம் வேறு. நகரத்தில் சிறு கார் ஓட்டிப் பழகியவர், முதல் நாளே வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பொன்முடிக்குப் புறப்படுதல் ஆகாது. ஒரு நாள் சமவெளியில், பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். திரும்பும் அகலத்தையும் நிற்கும் தூரத்தையும் கை அறியட்டும். இல்லையேல் பழகிய ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

டயரையும் மறக்க வேண்டாம். வீட்டு வண்டிகள் ஓடும் நாளைவிட நிற்கும் நாளே அதிகம். நின்றுகொண்டே இருக்கும் டயர், பூ தேயாமலிருந்தும், பக்கச் சுவரில் வெடித்துப் போகும். விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிவால் மலைப்பாதைகள் அடைபடுவதும் உண்டு. புறப்படுமுன் விசாரித்தல் நலம். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திய ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். அது காட்டுப் பகுதியாதலால், வனத்துறையினரைக் கேளாமல் நினைத்த இடத்தில் நிறுத்தி இரவைக் கழிக்க முற்படுதல் கூடாது.

நேயர்களே, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வந்து பெற்றோரை அழைத்துச் செல்லும் பயணம் சிறியதன்று. மறுமுறை அந்த வாய்ப்பு வருமோ என்ற நினைவும் அதில் கலந்தே இருக்கிறது. அந்தப் பயணம் இன்பமாக முடிவது வண்டியின் விலையாலோ அதனுள்ளிருக்கும் மெத்தையாலோ அன்று. கனத்தைத் தாழ வைத்து, நடுவே வைத்து, கட்டி வைத்து, பெரியவர்களை அச்சுகளுக்கு இடையே அமர்த்தி, ஏறிய கியரில் இறங்கினால், சிறிய வீட்டு வண்டி நம் சொற்படி நடக்கும். இவற்றுள் பெரும்பகுதி, சக்கரம் உருளுமுன் நம் வீட்டு வாசலிலேயே செய்து முடிக்கக் கூடியது. அதற்கு வேண்டுவது பத்து நிமிடப் பொறுமை.